ஒன்பது எழுத்தும் ஒரு கூட்டல் குறியும்

1960-களின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. வளாகம். அங்கே ஒரே கம்ப்யூட்டரை ஒரே நேரத்தில் பல பேர் பங்குபோட்டுக்கொண்டு வேலை பார்க்கும் ஏற்பாடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். 1961-ல் முதன்முதலாகச் செய்து காட்டியிருந்தார்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் 'இன்றைய செய்தி' என்று நாலு வரி டைப்ரைட்டர் மாதிரியான டெர்மினலில் அடித்து வரும். அன்றைக்கு நுழைந்தவர்களுக்கு வந்த செய்தி கொஞ்சம் நீளம். அந்த மிஷினை உபயோகிக்கும் அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்து விழுந்தது.

திருடன் யாரும் வரவில்லை. நிர்வாகிகளில் ஒருவர் பாஸ்வேர்ட் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் 'இன்றைய செய்தி'யைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவர் உபயோகித்ததும் ஒரே எடிட்டர். அது தற்காலிக வேலைக்கு எப்போதும் ஒரே பெயரில்தான் ஒரு ஃபைலை உண்டாக்கும். இவர் ஃபைல் அவரிடம் போய்விட்டது, அவ்வளவுதான். சி.டி.எஸ்.எஸ்.ஸை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கார்பட்டோ, 1990-ம் வருடத்துக்கான டூரிங் விருது உரையில் இந்தக் கதையைத் தானே சொன்னார்.

'அட, கம்ப்யூட்டர் சமாசாரமா' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, யார் எதைப் பார்க்கலாம் என்று மனுஷன் மிஷினுக்கு எப்படிச் சொல்லிவைத்தான் என்கிற கதையை. அதைவிட முக்கியம், மிஷின் அதை நமக்கு எப்படித் திருப்பிச் சொல்கிறது என்பது. உங்கள் சம்பளப் பட்டியல், உங்கள் ரத்தப் பரிசோதனை ரிசல்ட், உங்கள் பெண்ணின் பரீட்சை மார்க், எல்லாமே இன்றைக்கு ஏதோ ஒரு மிஷினில் ஏதோ ஒரு ஃபைல்தானே?

சி.டி.எஸ்.எஸ்.ஸுக்கு அடுத்ததாக கார்பட்டோ குழுவினர் கையில் எடுத்தது மல்டிக்ஸ். எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் என்று மூன்று பேர் கூட்டு. 1965-ல் டேலி, நாய்மன் என்ற இருவர் அதற்கான ஃபைல் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார்கள். அதில்தான் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு அனுமதிப் பட்டியல் என்ற யோசனை வருகிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏசிஎல் என்பார்கள். யோசனை ரொம்ப எளிது. கல்யாண மண்டபத்து வாசலில் ஒருவர் லிஸ்ட்டோடு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னார் சாப்பிடலாம், இன்னார் சமையல்கட்டுக்குள்ளும் போகலாம், இன்னாருக்கு இடமில்லை. ஃபைலுக்கும் அதேதான். இன்னார் படிக்கலாம், இன்னார் திருத்தலாம்.

மல்டிக்ஸ் வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. 1969-ல் பெல் ஆய்வுக்கூடம் 'ஆளை விடுங்கள்' என்று விலகிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் கையில் கிடைத்த பி.டி.பி.-7 என்ற சின்ன மிஷினில் தங்கள் சொந்த ஏற்பாட்டை எழுத ஆரம்பித்தார்கள். அதுதான் யுனிக்ஸ். இன்று உங்கள் பையில் இருக்கிற ஃபோன்வரை அதன் வாரிசுகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சின்ன மிஷின். இடம் கொஞ்சம்தான். அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பட்டியலாவது, ஒன்றாவது! 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டில் இரண்டே ஜாதிதான்: ஃபைலின் சொந்தக்காரர், மற்றவர்கள். சில வருடங்களில் நடுவில் 'குழு' என்று ஒன்று சேர்ந்தது. ஆக மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க, எழுத, ஓட்ட என்று மூன்று அனுமதி. மும்மூன்று ஒன்பது. ஆர், டபிள்யூ, எக்ஸ் என்று மூன்று எழுத்துகள் மூன்று முறை. அனுமதி இல்லாத இடத்தில் ஒரு சின்னக் கோடு. மொத்த பாதுகாப்பும் ஒன்பது பிட்டில் முடிந்தது. இப்படி ஒரு சிக்கனத்தைக் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டே.

ஒரு காலேஜில் பேராசிரியர் ஒருவர் கேள்வித்தாள் தயார் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். செல்வி என்ற இன்னொரு ஆசிரியை மட்டும் அதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒன்பது எழுத்தில் இதை எப்படிச் சொல்வது? 'குழு'வுக்கு அனுமதி கொடுத்தால் டிபார்ட்மென்ட்டே பார்க்கும். 'மற்றவர்'க்குக் கொடுத்தால் மாணவர்களும் பார்ப்பார்கள். இரண்டே பேருக்கு ஒரு புதுக்குழு அமைக்கலாம்தான். ஆனால் அதை மிஷின் நிர்வாகிதான் செய்ய முடியும். அவர் லீவில் இருப்பார், அல்லது டீ குடிக்கப் போயிருப்பார். கடைசியில் பேராசிரியர் என்ன செய்வார்? எல்லோருக்கும் திறந்துவிடுவார். இல்லாவிட்டால் தன் பாஸ்வேர்டையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செல்வியிடம் கொடுத்துவிடுவார். இரண்டுமே உலகம் முழுக்க நடந்ததுதான், இன்றைக்கும் நடப்பதுதான்.

1983-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆரஞ்சு நிற அட்டையோடு ஒரு புத்தகம் வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டரை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரிக்கும் புத்தகம். அதில் சி-2 என்று ஒரு தரம். அதை வாங்க வேண்டுமானால், தனி ஒரு ஆள் வரைக்கும் அனுமதியைப் பிரித்துக் கொடுக்க முடிய வேண்டும். அரசாங்க ஆர்டர் வேண்டாம் என்று எந்தக் கம்பெனி சொல்லும்? ஒவ்வொருவரும் தங்கள் யுனிக்ஸில் பழைய மல்டிக்ஸ் யோசனையைத் தூசி தட்டி ஒட்டவைக்க ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரு தினுசு. ஹெச்.பி. ஒரு மாதிரி, ஐ.பி.எம். ஒரு மாதிரி, சன் ஒரு மாதிரி. ஒரு மிஷினில் எழுதின புரோகிராம் பக்கத்து மிஷினில் பல்லை இளித்தது.

ஆக, பொதுவாக ஒரு விதி வேண்டும் என்று கமிட்டி உட்கார்ந்தது. யுனிக்ஸ் உலகத்துக்குப் பொதுவிதிகள் எழுதும் பாஸிக்ஸ் அமைப்பின் ஒரு கிளை. நகல் மேல் நகலாக எழுதினார்கள். நம் கதாநாயகன் பிறந்தது அங்கேதான். சி மொழியில் எழுதும் புரோகிராம்கள் கூப்பிடுவதற்கான ஒரு ஃபங்ஷன். பெயர் ஏசிஎல்-டு-டெக்ஸ்ட். கூடவே ஒரு தம்பி, ஏசிஎல்-ஃப்ரம்-டெக்ஸ்ட். அண்ணன் மிஷினுக்குள் இருக்கும் பட்டியலை நாம் படிக்கிற எழுத்தாக்கித் தருவான். தம்பி, நாம் எழுதிக் கொடுத்ததை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவான்.

இது என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். மிஷினுக்குள் அந்தப் பட்டியல் எப்படி இருக்கிறது தெரியுமா? லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராமுக்கும் கெர்னலுக்கும் இடையே போய்வரும் பட்டியலில் ஒரு வரிக்கு 8 பைட். இது யாருடைய வரி, ஆளா குழுவா என்று சொல்ல 2. என்ன அனுமதி என்று சொல்ல 2. எந்த ஆள் என்று சொல்ல 4. அந்த நாலில் 'செல்வி' என்ற பெயர் கிடையாது. வெறும் ஒரு எண். 1007 என்பது போல. அண்ணன்தான் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய், மிஷினின் பயனாளர் பதிவேட்டில் தேடி, '1007 என்றால் செல்வி' என்று கண்டுபிடித்து, 'யூசர், செல்வி, படிக்கலாம்' என்று ஒரு வரியாக எழுதித் தருகிறான். அப்படி அடுத்தடுத்த வரிகளில் சொந்தக்காரர், செல்வி, குழு, மாஸ்க், மற்றவர்கள். ஐந்து வரியில் கேள்வித்தாள் விவகாரம் தீர்ந்தது.

மாஸ்க் என்று நடுவில் ஒன்று வந்ததே, கவனித்தீர்களா? கமிட்டி செய்த காரியங்களிலேயே கில்லாடித்தனமானது அதுதான். இத்தனை வருடங்களாக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பழைய புரோகிராம்களுக்கு ஒன்பது எழுத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவற்றில் ஒன்று, 'இந்த ஃபைலைச் சொந்தக்காரரைத் தவிர யாருக்கும் காட்டாதே' என்று பழைய முறையில் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறது. பட்டியலில் செல்வி இருப்பது அதற்குத் தெரியாது. செல்வி உள்ளே வரலாமா, கூடாதா?

வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். பூட்டினால் பூட்டினதுதான். அதற்காக, பட்டியலில் இப்படி மாஸ்க் இருந்தால், ஒன்பது எழுத்தில் நடு மூன்றுக்கு அர்த்தத்தையே மாற்றினார்கள். அது குழுவின் அனுமதியைக் காட்டாது, உச்சவரம்பைக் காட்டும். சொந்தக்காரரும் 'மற்றவர்க'ளும் நீங்கலாகப் பட்டியலில் யாருக்கு என்ன எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்கு மேல் செல்லாது. பழைய புரோகிராம் நடு மூன்றையும் கோடாக்கினால் செல்வியின் அனுமதி அடங்கிவிடும். ஆனால் பெயர் அழியாது. வரம்பை உயர்த்தினால் மறுபடி உயிர் பெறும். ஃபைல்களின் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்பது எழுத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டல் குறி தெரிந்தால், 'ஐயா, நீங்கள் பார்ப்பது முழுக்கதை இல்லை' என்று அர்த்தம்.

நியாயமாக இந்த இடத்தில் 'விதி நிறைவேறியது' என்று எழுத வேண்டும். நிறைவேறவில்லை! 1997 அக்டோபரில் வந்தது 17-வது நகல். 1998 ஜனவரியில் அந்த முயற்சிக்கான ஆதரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. சில பகுதிகள் நன்றாகவே தேறியிருந்தன. ஆனால் மொத்தமாக விதி என்று வெளியிடும் அளவுக்கு வேலை முடிந்திருக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் உழைத்த காகிதம். கடையைக் கட்டினார்கள். செய்த ஒரே புண்ணியம், அந்தக் கடைசி நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு விட்டதுதான்.

ஆஸ்திரியாக்காரர் ஆண்ட்ரியாஸ் க்ரூயன்பாகர் லினக்ஸுக்காக அந்த நகலைப் பிரித்துவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ராபர்ட் வாட்சன் ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வாரிசுக்காக அதையே செய்தார். 2002 நவம்பரில் லினக்ஸ் கெர்னலின் சோதனைப் பதிப்பில் அனுமதிப் பட்டியல் ஏறியது. 2003 ஜனவரியில் ஃப்ரீபிஎஸ்டி 5.0 வெளியானது. செத்துப்போன விதி இரண்டு வீட்டில் குடியேறிவிட்டது. பிறகு அதை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரு லினக்ஸ் மிஷினில் ஏசிஎல்-டு-டெக்ஸ்ட்டுக்கான கையேட்டுப் பக்கத்தைத் திறந்து கீழே வாருங்கள். எந்த விதியின்படி எழுதப்பட்டது என்று சொல்லும் இடத்தில் '17-வது நகல்' என்று இருக்கும். பக்கத்திலேயே ஒரு வார்த்தை: கைவிடப்பட்டது. உலகத்து சர்வர்களில் பெரும்பகுதி அந்தக் கைவிடப்பட்ட காகிதத்தின்படிதான் கதவைத் திறக்கிறது, சாத்துகிறது. அரசாங்க முத்திரை பெற்ற எத்தனையோ விதிகள் அலமாரியில் செல்லரித்துக்கொண்டிருக்க, இது பிழைத்ததற்குக் காரணம் வேறெதுவும் இல்லை. வேலை செய்தது.

சரி, அண்ணன் தம்பி இருவரும் ஒழுங்கானவர்கள்தானா? சின்னச் சின்ன வம்பு உண்டு. அண்ணன் எழுதித் தரும் எழுத்துக்கு நினைவகத்தில் இடம் பிடித்துக் கொடுப்பான். வேலை முடிந்ததும் ஏசிஎல்-ஃப்ரீ என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு அதை நாம்தான் காலி செய்ய வேண்டும். மறந்தால் மிஷினின் நினைவகம் சொட்டுச் சொட்டாக ஒழுகும். இதெல்லாம் புரோகிராமர்களின் தலைவலி.

நம் எல்லோருக்குமான தலைவலி, அந்த 1007.

செல்வி வேலையை விட்டுப் போகிறார். நிர்வாகி அவருடைய கணக்கை நீக்கிவிடுகிறார். கேள்வித்தாள் ஃபைலின் பட்டியலில் 1007 என்ற எண் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் நீக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஃபைல்களில் எங்கெங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது அண்ணனைக் கேட்டால், பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு, பெயர் கிடைக்காமல், வெறும் '1007 படிக்கலாம்' என்று எழுதித் தருவான். அந்த மொட்டை எண்ணைப் பார்த்ததும் உஷாராகிவிட வேண்டும்.

பெரும்பாலும் யாரும் ஆவதில்லை. அடுத்த மாதம் புதிதாக ஒரு ஆள் சேருகிறார், குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் புதுக் கணக்கு திறக்கும் வழக்கமான புரோகிராம் என்ன எண் கொடுக்கும்? இருப்பவர்களில் பெரிய எண் எதுவோ, அதற்கு அடுத்தது. செல்விதான் கடைசியாகச் சேர்ந்தவர் என்றால், அவர் போன பிறகு பெரிய எண் 1006. அடுத்தது? அதேதான். குமாருக்கு 1007! இப்போது அண்ணனைக் கேளுங்கள். கொஞ்சமும் தயங்காமல் 'யூசர், குமார், படிக்கலாம்' என்று எழுதித் தருவான். அவன் பொய் சொல்லவில்லை. குமாரால் கேள்வித்தாளை நிஜமாகவே படிக்க முடியும். யாரும் கொடுக்காத அனுமதி, யாருக்கும் தெரியாமல் கை மாறிவிட்டது. மொட்டை எண்ணாவது உறுத்தும். பெயர் வந்துவிட்டால் அதுகூடக் கிடையாது.

இடம் மாறினாலும் இதே கூத்துதான். பட்டியலைப் பெயரோடு எழுத்தாக எடுத்து இன்னொரு மிஷினுக்குக் கொண்டுபோனால், அங்கே வேறு ஒரு செல்வி இருக்கலாம். எண்ணோடு கொண்டுபோனால், அங்கே 1007 வேறு ஒருவராக இருக்கலாம். எதை நம்புவது? யோர்க் ஷில்லிங் என்ற ஜெர்மானியர் எழுதிய ஸ்டார் என்ற புரோகிராம், ஃபைல்களை மூட்டை கட்டும்போது பெயரையும் எழுதி, பக்கத்திலேயே எண்ணையும் எழுதிவைத்தது. ஃப்ரீபிஎஸ்டிக்காரர்களும் அண்ணனுக்கு நெருங்கிய உறவில் இன்னொரு ஃபங்ஷன் வைத்து, வேண்டுமானால் எண்ணையும் சேர்த்து எழுது என்று சொல்ல வசதி செய்தார்கள். ஆப்பிள் இன்னும் ஒரு படி மேலே. 2005-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4-ல் அனுமதிப் பட்டியலைக் கொண்டுவந்தபோது, ஃபங்ஷனுக்கு அதே பழைய பெயர்தான். ஆனால் எழுதித் தரும் வரியில் பெயர், எண், அதோடு 32 இலக்கமுள்ள ஒரு நீளமான தனி அடையாளம், மூன்றும் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் இந்த வம்பே வேண்டாம் என்று 1993-ல் விண்டோஸ் என்.டி. வந்த காலத்திலேயே, ஒருவருக்குக் கொடுத்த அடையாளத்தை மறுபடி இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டது. அவர்களிடமும் பட்டியலை எழுத்தாக மாற்ற ஒரு ஃபங்ஷன் உண்டு. பெயரைக் கேட்டால் மூச்சு வாங்கும். கன்வர்ட்-செக்யூரிட்டி-டிஸ்க்ரிப்டர்-டு-ஸ்ட்ரிங்-செக்யூரிட்டி-டிஸ்க்ரிப்டர். ஆங்கிலத்தில் 51 எழுத்து. யுனிக்ஸ் பரம்பரைக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் குமார் விஷயத்தில் சிரிக்க வேண்டியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் பட்டியலை எழுத்தாக மாற்றும் கதை. ஒரு தினுசுப் பட்டியலை இன்னொரு தினுசுப் பட்டியலாக மாற்ற வேண்டிய நிலைமையும் வந்தது. 2000-க்குப் பிறகு நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் என்.எஃப்.எஸ். நாலாம் பதிப்பு, விண்டோஸ் பாணியில் தனியாக ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் 'அனுமதி' வரிகளோடு 'மறுப்பு' வரிகளும் உண்டு. மேலிருந்து கீழாக வரிசைப்படி படிக்க வேண்டும். ஐ.பி.எம்.மின் ஏஐஎக்ஸ் 2004-ல் வெளியிட்ட 5.3 பதிப்பில் தன் பழைய பட்டியலோடு இந்தப் புதியதையும் ஏற்றுக்கொண்டது. ஒன்றை மற்றொன்றாக்க ஏசிஎல்எக்ஸ்-கன்வர்ட் என்று ஒரு ஃபங்ஷனே அங்கே உண்டு. லினக்ஸ்காரர்களும் தங்கள் 17-வது நகலை அந்தப் புதிய பட்டியலோடு பொருத்த வேண்டியிருந்தது.

பொருந்துமா? ஒரு ஆபீஸில் இரண்டு குழு. அக்கவுன்ட்ஸ், கான்ட்ராக்ட். புதுப் பட்டியலில் முதல் வரி: கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் படிக்க மறுப்பு. இரண்டாம் வரி: அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்குப் படிக்க அனுமதி. இரண்டு குழுவிலும் இருக்கிற ஒருவர் முதல் வரியிலேயே வெளியே நிறுத்தப்படுவார். இதையே 17-வது நகலின் பாணியில் எழுதுங்கள். கான்ட்ராக்ட்டுக்கு ஒன்றுமில்லை, அக்கவுன்ட்ஸுக்குப் படிக்கலாம். அங்கே விதி என்னவென்றால், ஒருவர் இருக்கிற குழுக்களில் ஏதாவது ஒன்று அனுமதித்தால் போதும். மறுப்பு என்று ஒரு வரியே அந்த மொழியில் கிடையாது. ஆக, மாற்றுகிற ஃபங்ஷன் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். அந்த ஒரு ஆளை உள்ளே விட வேண்டும், இல்லையென்றால் அக்கவுன்ட்ஸ் மொத்தத்தையும் வெளியே நிறுத்த வேண்டும்.

அப்படி ஒரு மாற்றம் உங்கள் ஆபீஸில் நடந்தால், நிர்வாகியிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் எழுத்தாக எடுத்து, பெயரோடு ஒரு தடவை, எண்ணோடு ஒரு தடவை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். முணுமுணுப்பார். படிக்கட்டும்.